நிறைகுடத்தில் இல்லாத சொல்

தியாகராய நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்புறத் தெருவில் இருக்கும் நிறைகுடம் கருவள ஆலயத்தில் எல்லாம் உண்டு. பிள்ளையார் உண்டு, மீன்தொட்டி உண்டு, எல்லா மதத்தினருக்கும் பொதுவாக ஒரு தியான அறை உண்டு. ஒரே ஒரு சொல் மட்டும் கிடையாது.

முதல் நாளே அது ஷ்ரவணுக்குத் தெரிந்துவிட்டது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போய், "இந்த மாடியில டாய்லெட் இல்லையா?" என்று கேட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு காதுமடல்களையும் தொட்டுக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறந்து சிரித்தாள்.

"மேல்மாடியில நிறையவே இருக்கு சார்."

"நான் என்ன கேட்டுட்டேன்னு அவ கன்னத்துல போட்டுக்கறா?" என்று திரும்பி வந்து மனைவியிடம் கேட்டான்.

"கன்னத்துல போட்டுக்கலை. காதைத் தொட்டுண்டா," என்றாள் மதுவந்தி. அவள் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் சரியாகச் சொல்லிப் பழகியவள்.

உள்ளே ஓர் இளம் டாக்டர் அவர்களை உட்காரவைத்து விளக்கினாள்.

"உங்க முட்டைகள் ரொம்ப அடக்கமா இருக்கு மேடம்."

"அடக்கம்னா?"

"ஏ.எம்.எச்.னு ஒரு ஹார்மோன். முட்டை வளர்ற குட்டிக் குட்டிப் பைகள்தான் அதைச் சுரக்கும். ரத்தத்துல அது எவ்வளவு இருக்குன்னு பார்த்தா, உள்ளே இருப்பு எவ்வளவுன்னு ஒரு மாதிரி கணிக்கலாம். உங்களுக்கு அது அடக்கமா இருக்கு."

"கம்மியா?"

"அடக்கமா."

"எனக்கு?" என்றான் ஷ்ரவண்.

"உங்க வீரர்கள் தியானத்துல இருக்காங்க சார்."

"எல்லாருமேவா?"

"ஒருசிலர் கண்ணைத் திறந்திருக்காங்க. நமக்கு அது போதும்."

ஆட்டோவில் திரும்பும்போது உஸ்மான் ரோடு தாண்டியதும் ஷ்ரவண் கேட்டான்: "தியானம்னா என்ன மது?"

"நீந்தலைன்னு அர்த்தம்."

"அதை நேராச் சொல்லலாமே."

"நேராச் சொன்னா நீ அழுவேன்னு பயப்படறா."

"இப்பவும் அழுகைதான் வரது."

நிறைகுடத்தில் யாரும் அழக் கூடாது என்பதுதான் நிறுவனர் டாக்டர் தங்கவேலின் கொள்கை. அதனால் அழவைக்கக் கூடிய எல்லாச் சொற்களையும் அவர் கட்டடத்தை விட்டு வெளியேற்றியிருந்தார். அங்கே எதுவும் குறையாது, சிக்கனமாகும். எதுவும் நிற்காது, ஓய்வெடுக்கும். லிப்ட்கூடக் கீழே இறங்காது. "வரவேற்பை நோக்கி உயர்கிறது" என்று ஒரு குரல் சொல்லும். லிப்ட் என்னவோ கீழேதான் போகும்.

ஊசிகள் போட்டார்கள். மாதத்துக்கு ஒன்றாகப் பழுக்க வேண்டிய முட்டைகளை ஒரே மாதத்தில் கூட்டமாகப் பழுக்கவைக்கும் ஊசிகள். பிறகு மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். தியானத்திலிருந்து எழுந்தவர்களில் மூன்று பேரைப் பிடித்து மூன்று முட்டைகளுக்குள் அனுப்பினார்கள். மூன்றும் கருவாயின. கோமளம், அதாவது ஷ்ரவணின் அம்மா, மூன்றுக்கும் கபாலி கோயிலில் தனித்தனியாக அர்ச்சனை செய்தாள். நட்சத்திரம் கேட்ட குருக்களிடம், "அது இன்னும் கண்ணாடித் தட்டுல இருக்கு மாமா, ஸ்வாமி பேருக்கே பண்ணிடுங்கோ," என்றாள்.

சில நாள் கழித்து மதுவந்தி ஆசிரியர் அறையில் இருந்தபோது போன் வந்தது.

"மேடம், நிறைகுடத்துலேர்ந்து பேசறோம். உங்க மூணு கருவுல ரெண்டு மலையேறிடுச்சு மேடம்."

"எந்த மலை?"

"அது... விளக்கு மலையேறும்ல மேடம். அந்த மாதிரி."

"ஓ."

"ஒண்ணு நல்லாப் பிரகாசமா இருக்கு மேடம்! வாழ்த்துகள்!"

மணி அடித்தது. எட்டாம் வகுப்புக்குப் போனாள். கரும்பலகையில் முக்கோணம் வரைந்தாள். பக்கத்திலேயே இன்னொரு முக்கோணம். இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அழித்துவிட்டு, "இன்னைக்கு வட்டம்," என்றாள். "மிஸ், வட்டம் அடுத்த மாசம் மிஸ்," என்றன பிள்ளைகள்.

மூன்றாவதைக் கர்ப்பப்பையில் வைத்த அன்று, அதைப் பெரிய திரையில் காட்டினார்கள். ரசத்தின் மேல் மிதக்கும் ஒரு சொட்டு நெய் மாதிரி இருந்தது. அவ்வளவுதான். ஆனாலும் ஷ்ரவண் தன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியாது.

பிறகு காத்திருந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். அன்று மாலை போன் வந்தது.

"மேடம், வாழ்த்துகள் மேடம். உங்களுக்கு நிறைஞ்சிருக்கு."

"என்னது?"

"நிறைஞ்சிருக்கு மேடம். ஊசியை மட்டும் விடாமப் போட்டுட்டு வாங்க."

அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்று அடுக்ககம் முழுவதும் தெரியும். கோமளம் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "நிறைஞ்சிருக்காமே! நிறைஞ்சிருக்காமேடா ஷ்ரவண்!" லஸ் கார்னர் பூக்காரியிலிருந்து கே.கே. நகரில் இருக்கும் நாத்தனார்வரை செய்தி போயிற்று. மதுவந்தியை மாடிப்படி ஏறவிடவில்லை, குனியவிடவில்லை, துக்கச் செய்தி வாசிக்கும் டி.வி. சேனல் பார்க்கவிடவில்லை.

அவளுக்கு வாந்தி வந்தது. மார்பு கனத்தது. பகலிலேயே தூக்கம் கண்ணைச் சொருகியது. மாத விலக்கு வர வேண்டிய தேதி வந்து, வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஊசி போட்ட இடங்களில் எண்ணெய் மருந்து கட்டிகட்டியாய் நின்றது. வலித்தது. அந்த வலியும் அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் யாரும் இல்லாதபோது வயிற்றின் மேல் கையை வைத்து, தாலாட்டு தெரியாததால், ஆறாம் வாய்ப்பாடு சொன்னாள். ஆறேழு நாற்பத்திரண்டு, ஆறெட்டு நாற்பத்தெட்டு. யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போலவே இருந்தது. தப்பாகச் சொன்னால் திருத்துவதற்குக் காத்திருப்பது போல.

ஒரு நாள் காலையில் சாதம் வைக்கப் போனாள். அரிசி டப்பாவுக்குள் ஆழாக்கை விட்டாள். அடித்தகரத்தில் கர்ரென்று உரசியது. ஷ்ரவண் அப்போதுதான் கிண்டியில் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். போன் போட்டாள்.

"ஷ்ரவண், சாயங்காலம் வரச்சே அரிசி வாங்கிண்டு வா. ஆத்துல அரிசி நிறைஞ்சிருக்கு."

"சரி. வேற?"

அவள் காலி டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"மது? வேற என்ன வேணும்? ஹலோ?"

ஆழாக்கோடு அப்படியே நின்றாள். பிறகு கூப்பிட்டாள். "அம்மா."

"என்னடி?" கூடத்திலிருந்து கோமளத்தின் குரல்.

"அரிசி நிறைஞ்சிருக்குன்னா என்னம்மா அர்த்தம்?"

"இது என்ன புதுசாக் கேக்கறே? தீந்துபோச்சுன்னு அர்த்தம். ஆத்துல லக்ஷ்மி கேட்டுண்டிருப்பா, அரிசி இல்லைன்னு வாயால சொல்லப்படாது, அதனால நிறைஞ்சிருக்..."

குரல் அங்கேயே நின்றது. கோமளம் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலி டப்பா நடுவில் இருந்தது.

"அதெல்லாம் இருக்காது," என்றாள் கோமளம். "அவா டாக்டர். நாம சொல்ற மாதிரியா அவா சொல்வா?"

மதுவந்தி மருந்துக் கடையில் சோதனைக் குச்சி வாங்கினாள். ஒரு கோடு. வேறு கடையில் வேறு குச்சி. அதிலும் ஒரு கோடு. நேரான, சுத்தமான ஒரே ஒரு கோடு.

"குச்சி தப்பா இருக்கலாம்," என்றான் ஷ்ரவண்.

"ரெண்டுமா?"

"அப்ப வாந்தி?"

"ஊசியிலதான். கர்ப்பத்துல ஊர்ற ப்ரொஜெஸ்டிரானைத்தான் அவா ஊசியில போடறா. உடம்புக்கு என்ன தெரியும்? யாரோ உள்ளே வந்துட்டான்னு நினைச்சுண்டு பாயைப் போட்டுண்டு காத்துண்டிருக்கு. ஊசியை நிறுத்தினா தெரிஞ்சுடும்."

"நிறுத்தி... ஒருவேளை இருந்துட்டா?"

மதுவந்தி கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருந்து, ஊசியை நிறுத்தினால், இருப்பது போய்விடும். இல்லாமல், ஊசியைத் தொடர்ந்தால், இல்லாதது இருந்துகொண்டே இருக்கும். அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள். "நிறைகுடம் கேஸா? அவங்க பேஷண்டை அவங்கதாங்க பாக்கணும். நாங்க தொட்டா வம்பு," என்று சொல்லித் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"அவாளே சொல்லட்டும்," என்றாள் மதுவந்தி. "ஒரே ஒரு வார்த்தை. உண்டு, இல்லை. அவா வாயால கேட்டுட்டா நான் ஊசியை நிறுத்தறேன்."

நிறைகுடத்தில் அவளை நேராக மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். கதவில் 'மங்கலச் சொல் துறை' என்று எழுதியிருந்தது. உள்ளே முனைவர் பொன்மணி உட்கார்ந்திருந்தார். தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மேசையில் ஒரு பூஜை மணி இருந்தது.

"வாங்கம்மா. உங்களுக்குச் சொல்லில் ஐயமாம். அபூர்வம். மத்தவங்கல்லாம் பொருள்லதான் ஐயப்படுவாங்க."

"எனக்கு ஒரு கேள்விதான் மேடம். என் வயத்துல குழந்தை இருக்கா, இல்லையா?"

பொன்மணி மணியை எடுத்து ஒருமுறை ஆட்டினார். கேள்வி அறையை விட்டுப் போகும்வரை காத்திருந்தார்.

"கேள்வியைப் பாதியிலேயே நிறுத்திக்கலாமேம்மா. 'இருக்கா' போதும். அழகா இருக்கு."

"சரி. இருக்கா?"

"நிறைஞ்சிருக்கு."

"நிறைஞ்சிருக்குன்னா இருக்குன்னு அர்த்தமா?"

"இருக்கிறவங்களுக்கும் நாங்க அதையேதான் சொல்றோம். எல்லாருக்கும் ஒரே சொல். பாகுபாடு கூடாது. இல்லைன்னா..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். மணியைத் தனக்கே ஒருமுறை ஆட்டிக்கொண்டார். "அன்றேல், சொல்லைக் கேட்டதுமே விஷயம் தெரிஞ்சுடுமே."

"தெரியணும்னுதானே மேடம் சொல்றது?"

"ஐயோ, அப்படி யார் சொன்னா? சொல்லுங்கறது போர்வைம்மா. நம்ம முன்னோர் சுடுகாட்டை நன்காடுன்னாங்க. செத்தவரைத் துஞ்சினார்னாங்க. தூங்கறாராம்! எவ்வளவு நாகரிகம்! அவ்வளவு ஏன், சைபருக்குப் பூஜ்யம்னு பேர் வெச்சாங்க. பூஜ்யம்னா என்ன? பூஜிக்கத் தக்கது."

"நான் கணக்கு டீச்சர் மேடம். நாங்க அதைப் பூஜிக்கறதில்லை. அது வந்தா வந்துடுத்துன்னு எழுதிடுவோம்."

பொன்மணி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "இந்தத் துறையில நான் சேர்ந்தப்போ இங்க எவ்வளவு அழுகை தெரியுமா? தாழ்வாரத்துல நடக்க முடியாது. இப்ப கேளுங்க. ஏதாவது சத்தம் கேக்குதா?"

கேட்கவில்லை. ஏ.சி.யின் மூச்சு மட்டும் கேட்டது.

"அழுகையைத் தீர்த்துட்டேளா?"

"ஒத்திவெச்சிருக்கோம்," என்றார் பொன்மணி பெருமையோடு. "தலைவர் உங்களைப் பார்ப்பார். அதுவரை நிறைகூடத்துல உட்காருங்க. உங்களை மாதிரிப் பெண்கள் அங்கே இருக்காங்க."

நிறைகூடம் நீளமாக, குளிர்ச்சியாக, அரை இருட்டாக இருந்தது. கண் பழகிய பிறகுதான் பெண்கள் தெரிந்தார்கள். இரண்டு வரிசைக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலிலும் ஒருத்தி. எல்லோருக்கும் ஒரு கை வயிற்றில். இன்னொரு கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் தொட்டில். கிரீச், கிரீச் என்று எல்லாத் தொட்டிலும் ஒரே தாளத்தில் ஆடின.

பக்கத்துத் தொட்டிலுக்குள் மதுவந்தி எட்டிப் பார்த்தாள். உள்ளே, மஞ்சள் துணியில் சுற்றி, அம்மிக் குழவி ஒன்று படுத்திருந்தது.

"வெறுந்தொட்டில் ஆட்டக் கூடாதாம். ஆவாதாம்," என்றாள் கட்டிலில் இருந்தவள். நாற்பது வயது இருக்கும். தலையில் முக்காடு நெற்றிவரை. "அதான் இதைப் போட்டுக் குட்த்துக்கீறாங்க. எங்க ஊட்ல இந்தப் பழக்கமெல்லாம் கெடையாது. ஆனா கை சும்மா இருக்காதுல்ல? உக்காரு கண்ணு. எம் பேரு ஹாஜிரா. ராயப்பேட்டை."

"மதுவந்தி. மயிலாப்பூர். உங்களுக்கு... எத்தனை மாசம்?"

"பதினாலு."

மதுவந்தி கணக்கு டீச்சர். ஆனாலும் சிறிது நேரம் ஆயிற்று.

"பதினாலா?"

"அந்தக் கடைசிக் கட்டில்ல கீறாளே, அவளுக்கு ரெண்டு வருஷம். அவதான் எங்களுக்கெல்லாம் சீனியர். தினம் ஊசி போட்டுக்கினு கீறோம். வாந்தி வருது, காலு வீங்குது, எல்லாம் சரியா நடந்துக்கினு கீது. அது ஒண்ணு மட்டும்தான்..." ஹாஜிரா இழுத்தாள். அந்தக் கட்டடத்தில் வாக்கியங்களை அங்கேதான் நிறுத்துவார்கள்.

"உங்களுக்குத் தெரியுமா?" மதுவந்தி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எல்லாருக்கும் தெரியும் கண்ணு."

"தெரிஞ்சுமா..."

"தெரியறது வேற. கேக்கறது வேற. நான் ஊட்டுக்குப் போனா, எங்க மாமி, ஊட்டுக்காரரோட அம்மா, வாசல்லியே நிப்பாங்க. நான் ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டா முடிஞ்சிது. இங்க கீற வரைக்கும் அது கீது." கயிற்றை இழுத்தாள். குழவி தொட்டில் கட்டையில் லேசாக இடித்தது. "மொதல்ல நானும் ஆட்டும்போது கல்லுன்னுதான் நெனச்சிக்கினு ஆட்டுவேன். இப்போ ஆட்டாம வுட்டா, அது ராங்கு பண்ணி அழற மாதிரி தோணுது."

மதுவந்தியின் பக்கத்தில் ஒரு காலிக் கட்டில் இருந்தது. தொட்டிலும் இருந்தது. உள்ளே குழவி புதிதாக, கொத்தின தடத்தோடு இருந்தது. அதற்கு யாரோ கண்ணுக்கு மை தீட்டிவைத்திருந்தார்கள். அவள் கையில் கயிற்றைக் கொடுத்தது யார் என்று அவள் கவனிக்கவில்லை. இரண்டு முறை ஆட்டிவிட்டாள். கனம் நன்றாக இருந்தது. உடம்பு தானாக முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. ஆறேழு நாற்பத்திரண்டு என்று வாய்க்குள் வந்துவிட்டது. சட்டென்று கயிற்றை விட்டாள். 

அப்போது எல்லா விளக்குகளும் எரிந்தன. டாக்டர் தங்கவேல் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு. கூடவே மைக் தூக்கிக்கொண்டு ஒரு நர்ஸ்.

"தாய்மார்களே!" என்றார். தொட்டில்கள் ஆடிக்கொண்டே இருந்தன. "உலகத்துல எல்லா ஆஸ்பத்திரியும் பிள்ளை பிறக்கவைக்கிறாங்க. அது இயற்கை. அதுல என்ன பெருமை? ஆனா பிறக்காத பிள்ளைக்கும் தாயை உருவாக்கினது நிறைகுடம் ஒண்ணுதான்! எங்க வெற்றி விகிதம் நூத்துக்கு நூறு. ஏன்? மத்தவங்க குழந்தையை எண்ணறாங்க. நாங்க நம்பிக்கையை எண்ணறோம். நம்பிக்கைக்கு எடை சிக்கனமாகாது, மஞ்சள் காமாலை கிடையாது. பாலுக்கு அழாது. பத்து மாசத்துல வெளியே வந்து தாயைப் பிரியாது!"

நர்ஸ் கைதட்டினாள். கை ஓய்ந்த பெண்கள் சிலர் தொட்டிலைக் கொஞ்சம் வேகமாக ஆட்டினார்கள்.

மதுவந்தி எழுந்து நின்றாள். "டாக்டர், என் கேள்வியைச் சொன்னாளா உங்ககிட்ட?"

"சொன்னாங்கம்மா. நிறைஞ்சிருக்கு."

"ஊசியை நிறுத்தலாமா?"

டாக்டரின் முகம் மாறியது. "கூடவே கூடாது!"

"ஏன்?"

"ஏன்னா... உங்களுக்கு எப்படிச் சொல்றது... மனுஷ உடம்பு இருக்கே, அது நாகரிகமே தெரியாத ஜந்து. அதுக்கு மங்கல வழக்கு தெரியாது. எத்தனை சொல்லிக் கொடுத்தாலும் வராது. மருந்து இருக்கிற வரைக்கும்தான் மரியாதையா வாயை மூடிட்டு இருக்கும். ஊசியை நிறுத்தினீங்க, ரெண்டு நாள், நாலு நாள், பட்டுனு சொல்லிடும்! ஒளிவுமறைவே கிடையாது. எவ்வளவு அசிங்கமாச் சொல்லும் தெரியுமா? ரத்தத்துல சொல்லும்."

"டாக்டர்," என்றாள் மதுவந்தி மெதுவாக. எட்டாம் வகுப்பில், தப்பான விடையோடு கரும்பலகையில் நிற்கும் பையனிடம் பேசும் குரல். "உள்ளே குழந்தை இருக்கற ஒருத்தி ஊசியை நிறுத்தறேன்னு சொன்னா, நீங்க என்ன சொல்லுவேள்?"

"குழந்தைக்கு ஆபத்தும்மா, நிறுத்தாதீங்கன்னு..."

"எங்கிட்ட அதைச் சொல்லலையே டாக்டர். உடம்பு சொல்லிடும்னுதானே பயப்படறேள். அப்ப சொல்றதுக்கு அதுகிட்ட ஏதோ இருக்கு. இல்லையா?"

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார். பொன்மணி வாசலில் நின்று மணியைத் தேடினார்.

நிறைகூடத்தில் தொட்டில்கள் நின்றன. ஒவ்வொன்றாக அல்ல, எல்லாம் ஒரே நேரத்தில். அந்தக் கூடத்தில் அப்படி ஒரு அமைதி இருக்கிறது என்று அன்றுவரை யாருக்கும் தெரியாது. எத்தனையோ கைகள் கயிற்றைப் பிடித்தபடி நின்றன. எல்லாப் பெண்களும் டாக்டரின் வாயையே பார்த்தார்கள். ஒரே ஒரு சொல் அவர் வாயிலிருந்து விழும் என்று பார்த்தார்கள். விழ வேண்டும் என்றா, விழக் கூடாது என்றா, முகங்களைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"நிறைஞ்சிருக்கு," என்றார் டாக்டர் தங்கவேல்.

கடைசிக் கட்டிலில் ஒரு தொட்டில் கிரீச்சிட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாம்.

வீட்டுக்கு வந்ததும் ஷ்ரவண் கேட்டான். "சொன்னாரா?"

"சொல்லலை."

"அப்ப?"

"அவர் சொல்ல மாட்டார். நான் சொல்றேன்." அவனை உட்காரவைத்தாள். "நம்ம குழந்தை இல்லை, ஷ்ரவண்."

அவன் அவளையே பார்த்தான். "நிறுத்தப் போறியா?"

"ஆமாம்."

"தப்பாப் போயிட்டா?"

"போகாது. போனா, உன்கிட்ட ஆயுசுக்கும் திட்டு வாங்கிக்கறேன். ஆனா அந்தக் கூடத்துல போய் என்னால உட்கார முடியாது. உட்கார்ந்துடுவேனோன்னு பயமா இருந்தது. கயிறு கைக்குப் பொருந்திடுத்து."

ஊசியை நிறுத்தினாள். அந்த நாட்களில் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. மதுவந்தி நடந்தால் கோமளம் பார்த்தாள். உட்கார்ந்தால் பார்த்தாள். வாந்தி முதலில் நின்றது. பிறகு மார்பின் கனம் இறங்கியது. உடம்பு பாயைச் சுருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு பிற்பகல், அடிவயிற்றில் ஒரு பிடி விழுந்தது. குளியலறைக்குள் போனாள். வெளியே ஷ்ரவண் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான்.

"மது?"

உள்ளேயிருந்து குழாய்ச் சத்தம் மட்டும் வந்தது.

"மது, சொல்லு."

கதவு திறந்தது. அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உடம்பு சொல்லிவிட்டது, டாக்டர் பயந்த மாதிரியே, ஒளிவுமறைவு இல்லாமல்.

"ஒரு நாளாவது இருந்ததா?" என்று கேட்டான் ஷ்ரவண். "ஒட்டிண்டு... ஒரு நாளாவது?"

"தெரியலை. திரையில பார்த்தோமே, அப்ப இருந்தது."

"அப்ப இருந்தது," என்றான். தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிறக்காததற்குத் தீட்டு கிடையாது, பத்தாம் நாள் காரியம் கிடையாது, அழுவதற்கு முறை கிடையாது. அதனால் கோமளத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆயுள் முழுவதும் அரிசிக்குக்கூட ஓர் அமங்கலச் சொல் சொல்லாதவள், கூடத்தின் நடுவில் நின்று, "போயிடுத்தா? போயிடுத்தாடி கொழந்தே?" என்று கேட்டாள். பிறகு எதிர் வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்க்கும் அளவுக்குக் குரலெடுத்து அழுதாள். மூன்று பேரும் அழுதார்கள். காபி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

உடம்பு தேறியதும் மதுவந்தி ஒருமுறை நிறைகுடத்துக்குப் போனாள். தலைவரைப் பார்க்கவா என்று வரவேற்பில் கேட்டார்கள். அவரை அல்ல என்றாள்.

நிறைகூடத்தில் ஹாஜிரா அதே கட்டிலில் இருந்தாள். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா? வுட்டியா ஊசியை?"

"விட்டேன்."

"அப்புறம்?"

"இல்லை."

ஹாஜிரா மணி அடிக்கிறதா என்று வாசலைப் பார்த்தாள். அடிக்கவில்லை. "வலிக்குதா?"

"வலிக்கறது."

"அழுதியா?"

"அழுதேன். ரொம்ப."

"ஊட்டுக்காரரு?"

"அவனும். மாமியாரும் அழுதா. எதிராத்துக்காரா எல்லாம் வந்து பார்க்கற மாதிரி அழுதா."

"உன்னைத் திட்டலை?"

"மடியில போட்டுண்டா."

ஹாஜிரா தொட்டிலைப் பார்த்தாள். கயிறு மட்டும் போய்ப் போய் வந்தது.

"குட்த்து வெச்சவ கண்ணு நீ," என்றாள் கடைசியில்.

நர்ஸ் தட்டோடு வந்தாள். "ஹாஜிரா மேடம், பதினஞ்சாவது மாசம் தொடங்குது! வாழ்த்துகள்! திரும்பிப் படுங்க."

"நீங்களும் வாங்கோ," என்றாள் மதுவந்தி சட்டென்று. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கூட வரேன். ராயப்பேட்டை வரைக்கும் வரேன். உங்க மாமிகிட்ட நான் சொல்றேன்."

ஹாஜிரா அந்தக் கையைப் பார்த்தாள். அதைத் தன் கன்னத்தில் ஒருமுறை வைத்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். ஊசி இறங்கும்போதும் அவள் கை கயிற்றை இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

மதுவந்தி எழுந்தாள். "போயிட்டு..."

"அப்டி சொல்லாதே," என்றாள் ஹாஜிரா, சுவரைப் பார்த்தபடியே. "போய்ட்டு இங்க நீ வரக் கூடாது. ஒழுங்காச் சொல்லு."

மதுவந்தி கொஞ்சம் தயங்கினாள். வாசலைத் தாண்டும்போது யாரும், எந்த வீட்டிலும், சொல்லக் கூடாத சொல் அது.

"போறேன்," என்றாள்.

நர்ஸ் தட்டை வைத்துவிட்டுக் காதுமடல்களைத் தொட்டுக்கொண்டாள். "மேடம்! அந்த மாதிரியெல்லாம் இங்க..."

"வுடும்மா," என்றது சுவர்ப் பக்கத்துக் குரல். "ஒருத்தியாவது போகட்டும்."